குடும்ப நலப் பகுதி: நீறு பூத்த நெருப்பு

சென்ற திங்கள் இப்பகுதியில் நீரிழிவு குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் சிலர் கடிதம் விடுத்துள்ளனர். இட்டார்சியிலிருந்து வந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் இத்திங்கள் இடம் முழுவதையும் ஒதுக்க எண்ணினோம். எழுதியவர் நம் இரயில்வேக் குடும்பத்துச் சகோதரி ஒருவர். அவர்தம் கணவர் எஞ்சின் ஓட்டுபவர். லோகோ பைலட் என்று இக்காலத்தில் வழங்கும் பதவி. ஈராண்டுக்கு முன் அவருக்கு வலக் கண் மங்கிற்று. வலியில்லை, சிவப்பில்லை, கண்ணெதிரே கொசுக்கூட்டம் மிதப்பதுபோல் மட்டும் இருந்ததாம். ‘போஸ்டீரியர் யூவியைட்டிஸ்’ என்று மருத்துவர் பெயர் சொன்னார். மாத்திரை தொடங்கியதும் பார்வை தெளிந்தது. ஆனால் முகம் உப்பிற்று, சர்க்கரையும் ஏறிற்று. இப்போது இலகுவான வேலையில் இருக்கிறார்.

“கண்தான் நன்றாகத் தெரிகிறதே, இன்னும் எதற்கு மாத்திரை என்று ஊரில் மாமியார் கேட்கிறார்கள். நிறுத்தலாமா, ஐயா? இந்நோய்க்கு முடிவுண்டா?” என்று சகோதரியார் வினவுகிறார். கடித ஓரத்தில், பிறர் கண்ணுக்குப் படக்கூடாதென்று நினைத்தாரோ என்னவோ, பொடி எழுத்தில் இன்னொரு வரி: கண்ணில் மறுபடியும் மங்கல் தோன்றினால் அதனைச் சொல்லாமல் மெடிக்கல் பரீட்சையில் தேறிவிடலாம் என்று தோழர் சிலர் யோசனை கூறுகின்றனராம்.

நாம் மருத்துவரல்லேம். விடுப்புக் கணக்கும் பாஸ் கணக்கும் பார்க்கும் குமாஸ்தா. எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்று சொல்லும் உரிமை நமக்கில்லை. ஆயினும் மாத்திரையை ஏன் தாமாக நிறுத்தலாகாது என்பதை விளக்குவதற்கு வேண்டிய செய்திகள் மருத்துவ நூல்களில் தெளிவாகவே உள்ளன.

கண் என்னும் உருண்டைக்கு மூன்று உறைகள். வெளியுறை வெண்மையானது; உள்ளுறையே நாம் காண்பதற்குக் கருவியாகிய விழித்திரை. இவ்விரண்டுக்கும் இடையில் இரத்தக் குழாய்கள் மிகுந்த கரிய உறை ஒன்றுண்டு. அதற்கு யூவியா என்று பெயர். இலத்தீன் மொழியில் ‘யூவா’ என்றால் திராட்சை. வெள்ளுறையை உரித்துப் பார்த்த பழைய மருத்துவர்க்கு அது கறுப்புத் திராட்சைபோல் தோன்றியதாம். இவ்வுறையின் முன்பகுதி அழன்றால் கண் சிவக்கும், வலிக்கும், வெளிச்சம் கூசும். நோயாளி தாமே மருத்துவரிடம் ஓடுவார். பின்பகுதியாகிய கோராய்டும் அதனை ஒட்டிய விழித்திரையும் அழன்றாலோ, பெரும்பாலும் வெளியில் ஒன்றும் தெரிவதில்லை. ஒரு கண் மங்க, மறு கண் அதன் வேலையையும் சேர்த்துச் செய்துவிடும். திங்கள் கணக்கில் தெரியாமலே போவதுண்டு. ஆகையால் நேயர்கள் இடையிடையே ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, மறு கண்ணால் சுவரில் மாட்டிய நாட்காட்டியைப் பார்க்கும் வழக்கத்தை மேற்கொள்வது நன்று. செலவில்லாத பரீட்சை.

இங்கே வெளிமாநிலத்தில் வாழும் நமக்கேயுரிய தொல்லை ஒன்றையும் சொல்லவேண்டும். தமிழில் ‘கண்வலி’ என்ற ஒரு சொல்லிலேயே கண்ணின் குறைகள் பலவற்றை அடக்கிவிடுகிறோம். ஊரிலிருந்து வந்த புதிதில் நம் பெண்டிர் அதனையே இந்தியில் பெயர்த்து, “ஆங்க் மே தர்த்” என்று சொல்கின்றனர். கேட்பவர் வலிக்கோ சிவப்புக்கோ உரிய சொட்டு மருந்தைக் கொடுத்தனுப்பி விடுகிறார். மங்கல்தான் குறையென்றால் “துந்த்லா திக்தா ஹை” என்று சொல்க. கரும்புள்ளி மிதந்தால் “காலே தப்பே” என்று சொல்க. சொட்டு மருந்து கண்ணின் முன்பகுதிக்கு உதவுமேயன்றி, பின்புறத்தை வேண்டிய அளவில் எட்டுவதில்லை. பின்புறத்து அழற்சிக்குச் சொட்டு மருந்தை மட்டும் விட்டுக்கொண்டு காத்திருப்பது, மாடியில் தீப்பற்றியிருக்க வாசற்படியில் நீர் தெளிப்பதை ஒக்கும்.

“கண்ணுக்கு வைத்தியம் பார்க்கப் போனால் மார்பை எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்களே, இது பணம் பறிக்கும் வேலையல்லவா?” என்று ஒரு பெரியவர் நம்மிடம் சினந்து கேட்டதுண்டு. அன்று, அதுவே ஒழுங்கான வைத்தியம். இவ்வழற்சி இரு வகையால் வரும். ஒன்று கிருமியால். நம் நாட்டில் காசநோய்க்கு இதில் பெரும் பங்குண்டு. நுரையீரலில் இருமல் ஏதுமின்றியே கண்ணில் அது தோன்றலாம். பூனையின் கழிவாலும் வேகாத இறைச்சியாலும் பரவும் டாக்ஸோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி இன்னொன்று. மேகநோயும் கண்ணைத் தாக்கும். மற்றொரு வகை, கிருமியே இல்லாமல், உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றல் தன் கண்ணையே பகையென்று கருதித் தாக்குவது. வோக்ட், கொயனாகி, ஹராடா என்ற மூவர் பெயரால் வழங்கும் நோய் இவ்வகையினது. அதில் தலைவலியும் காதில் இரைச்சலும் முன்வரலாம். பின்னர் இமைமயிர் நரைத்துத் தோலில் வெண்புள்ளி தோன்றலாம். துருக்கி நாட்டுத் தோல் மருத்துவர் பெஹ்செட் 1937இல் விவரித்த நோயில் வாய்ப்புண் அடிக்கடி வரும். கண் மருத்துவர் “வாயில் புண் வருமா? காது இரைகிறதா?” என்று கேட்டால் வேடிக்கையாகக் கொள்ளாமல் நினைவுபடுத்திச் சொல்லவேண்டும். எல்லாச் சோதனையும் செய்த பின்னும் காரணம் விளங்காமற் போவோரும் பலர்.

இரு வகையையும் பிரித்தறிவது எதற்கெனில், ஒன்றுக்கு அமுதமானது மற்றொன்றுக்கு நஞ்சாகும். எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டைக் கிருமிநோய்க்குத் தனியே கொடுத்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். காசநோய் என்று தெளிந்தால் அதற்குரிய கூட்டு மருந்தைப் பல திங்கள் உண்ணவேண்டும். அம்மருந்துகளுள் எத்தாம்பூட்டால் என்பது சிலருக்குக் கண் நரம்பையே கெடுக்கக் கூடும். அதனை உண்பவர்க்குச் சிவப்பும் பச்சையும் மங்கித் தோன்றினால் அன்றே மருத்துவரிடம் சொல்லவேண்டும். சிக்னல் பார்த்துப் பிழைக்கும் நம்மவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பழங்காலத்தில் இந்நோய் பெற்றவர் நிலை இரங்கத்தக்கது. ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் 1851இல் கருவி கண்டு சொல்லும்வரை உயிருள்ள மனிதரின் கண்ணின் பின்புறத்தை நன்கு கண்டார் எவருமிலர். குருடர்க்கு எழுத்தளித்த லூயி பிரெயில் 1809இல் பிறந்தவர். மூன்று வயதில் தந்தையின் தோல் பட்டறையில் ஊசி குத்தி ஒரு கண்ணை இழந்தார். குத்துப்படாத மறு கண்ணும் ஐந்து வயதுக்குள் அவிந்தது. அடிபட்ட கண்ணைக் கண்டு எதிர்ப்பாற்றல் மறு கண்ணையும் தாக்கும் அழற்சியே அது என்று மருத்துவர் பலர் கருதுவர். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் நிலைமை பெரிதும் மாறிற்றில்லை. செத்த டைபாய்டு கிருமிகளை ஊசி மூலம் ஏற்றிக் காய்ச்சலை வரவழைத்து, அதனால் கண் தணியுமா என்று பார்த்தனர்! 1949இல் அமெரிக்காவில் ஹெஞ்ச் என்பவர் கார்ட்டிசோன் மருந்து மூட்டுவாதத்தைத் தணிப்பதை அறிவித்தார். மறு ஆண்டே அவர்க்கும் அவருடன் இருவர்க்கும் நோபல் பரிசு கிடைத்தது. கண் மருத்துவரும் உடனே அம்மருந்தை எடுத்தாண்டனர். இன்று நம் சகோதரியார் வீட்டில் காலையுணவுக்குப் பின் உண்ணும் பிரெட்னிசோலோன் அக்குலத்து மருந்தே.

அம்மாத்திரை தீயணைக்கும் படைபோன்றது. விரைந்து வரும், வேகமாய் அணைக்கும். ஆனால் வீட்டில் நெடுநாள் தங்கினால் பாத்திரபண்டங்களை உடைக்கும். முகம் உப்பும், பசி மிகும், உறக்கம் குறையும், சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும், எலும்பு தேயும்; கண்ணிலேயே புரையும் அழுத்த நோயும் வரலாம். இவையெல்லாம் மெய். மாமியாரவர்கள் அஞ்சுவதில் தவறில்லை. தவறு, நிறுத்தும் முறையில்தான் உள்ளது.

பல வாரம் ஸ்டீராய்டு உண்ணும் உடலில், அதனை இயல்பாகச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி, “வெளியிலிருந்துதான் வருகிறதே” என்று வேலையைக் குறைத்து உறங்கத் தொடங்கும். திடீரென மாத்திரையை நிறுத்தினால் சுரப்பி உடனே விழிப்பதில்லை. சோர்வு, வாந்தி, இரத்த அழுத்தம் வீழ்தல், உயிர்க்கே இடர் என்று அது முடியக்கூடும். கண்ணிலோ, அடங்கிக் கிடந்த அழற்சி முன்னிலும் மிகுந்து எழலாம். எனவேதான் மருத்துவர் பல வாரங்களில் படிப்படியாகக் குறைக்கிறார். சீட்டில் எழுதிய அப்படிக்கட்டில் ஒரு படியையும் தாண்டிக் குதித்தல் ஆகாது.

நிற்க. ஸ்டீராய்டைக் குறைக்கக் குறைக்க நோய் மீண்டும் தலைதூக்கினால் என் செய்வது? நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 7.5 மில்லிகிராமுக்குள் கண் அமைதியாக இராவிடில், எதிர்ப்பாற்றலை மெல்ல அடக்கும் வேறு மருந்தைச் சேர்த்து ஸ்டீராய்டை விடுவிப்பர். மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபீனோலேட், அசாதயோபிரின் முதலியன அத்தகையவை. இவை மெல்லவே வேலை செய்யும்; பயன் தெரிய இரண்டு மூன்று திங்கள் ஆகலாம். அதுவரை பொறுமை வேண்டும்.

இவற்றுள் எது சிறந்தது என்பதற்கு விடை காண்பதில் நம் தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு என்பது மகிழ்ச்சி தருவது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வேங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், அமெரிக்கா, ஆஸ்திரேலியா, மெக்ஸிகோ, சவூதி அரேபியா ஆகிய நாட்டு மருத்துவமனைகளும் கூடி 216 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தின; 2019இல் முடிவு வெளியாயிற்று. விலை மிகுந்த மைக்கோஃபீனோலேட்டே மேம்படும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய ஆய்வு அது. ஆறு திங்களில் மெத்தோட்ரெக்ஸேட் உண்டவருள் நூற்றுக்கு 67 பேர்க்கும், மற்றதை உண்டவருள் 57 பேர்க்கும் ஸ்டீராய்டு குறைந்த நிலையில் கண் அடங்கிற்று. விலை மலிந்த பழைய மருந்து தோற்கவில்லை. குறைந்த சம்பளக் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று.

ஆனால் இம்மெத்தோட்ரெக்ஸேட்டில் ஓர் எச்சரிக்கை உண்டு. இதனை நேயர்கள் அடிக்கோடிட்டுக் கொள்க. கண்ணுக்கு இது வாரத்துக்கு ஒரு நாள் உண்ணும் மருந்து. மற்ற மாத்திரைகளோடு சேர்த்து இதனையும் நாள்தோறும் கொடுத்தால் இரத்த அணுக்கள் குன்றி உயிர்க்கே முடியும். அவ்வாறு நேர்ந்த கொடுமைகள் மருத்துவ ஏடுகளில் பல. ‘செவ்வாய்’ என்றோ ‘ஞாயிறு’ என்றோ கிழமையைப் பெட்டியின்மேல் தமிழில் எழுதி ஒட்டிவிடுக. மருத்துவர் கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுவார். இரண்டும் பார்வைக்கு ஒத்திருக்கலாம், மாற்றிவிடலாகாது. மது கூடாது. கருவுற்ற பெண்டிரும் கருவுற எண்ணுவோரும் மெத்தோட்ரெக்ஸேட்டையும் மைக்கோஃபீனோலேட்டையும் தொடலாகாது; கூச்சத்தால் இச்செய்தியை மருத்துவரிடம் மறைக்கும் பெண்கள் உளர் என்பதால் வெளிப்படையாக எழுதுகிறோம். குறித்த நாளில் இரத்தச் சோதனை செய்துகொள்வதும், காய்ச்சல் கண்டால் காத்திராமல் சொல்வதும் இம்மருந்துகள் அனைத்துக்கும் பொது.

இவற்றுக்கும் அடங்காதவர்க்கு அடாலிமுமாப் என்னும் ஊசி உண்டு. பெரும்பாலும் இரு வாரத்துக்கு ஒரு முறை. கிருமியால் வாராத பின்புற அழற்சிக்கு 2016இல் அமெரிக்க அரசு இதற்கு ஒப்புதல் அளித்தது. அதற்கு இணையான மருந்து நம் நாட்டிலேயே 2014 முதல் செய்யப்படுகிறது; ஆயினும் விலை இன்னும் எளியதன்று. உறங்கும் காசநோயை இது எழுப்பிவிடும் ஆதலால், முன்னதாகச் சோதித்தே தொடங்குவர். ஒரு கண் மட்டும் தாக்கப்பட்டோர்க்குக் கண்ணுள்ளேயே ஸ்டீராய்டு ஊசியோ, மெல்லக் கரையும் நுண்ணிய மருந்துக் குச்சியோ வைப்பதுமுண்டு. அதன்பின் கண் அழுத்தத்தை அடிக்கடி அளக்கவேண்டும்.

இனி, முடிவுண்டா என்ற வினா. கண் நன்றாகத் தெரிவது வேறு, கண் அடங்கியிருப்பது வேறு. நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு முற்றிலும் பொருந்தும். மேலே சாம்பல் படிந்து குளிர்ந்ததுபோல் தோன்றும். ஊதினால் கனல் தெரியும். ஊதிப் பார்க்கும் வேலைதான் மருத்துவரின் கருவிகள் செய்வது: கையில் மஞ்சட் சாயம் ஏற்றிக் கண்ணின் குழாய்கள் கசிகின்றனவா என்று படமெடுப்பது (தோலும் சிறுநீரும் ஒரு நாள் மஞ்சளாகும், அஞ்சவேண்டா), விழித்திரையின் அடுக்குகளை ஓ.சி.டி. என்னும் கருவியால் அளப்பது முதலியன. அக்கருவிகள் அடங்கிற்று என்று சொன்ன பின்னும், ஸ்டீராய்டு இன்றியோ மிகச் சிறிதளவோடோ ஏறக்குறைய ஈராண்டு அமைதியாக இருந்தால்தான் மற்ற மருந்தையும் விலக்கிப் பார்ப்பது மருத்துவர் பலரின் வழக்கம். சிலர்க்கு நோய் அவ்வளவில் நின்றுவிடும். சிலர்க்கு மீண்டும் வரும். மீண்டும் மருந்து தொடங்குவர். ஆக, சகோதரி, இன்ன நாளில் முடியும் என்று யாராலும் நாட்குறிக்க இயலாது. ஆனால் தங்கள் கணவர் பல்லாண்டு பார்வையோடு வாழ இடமுண்டு. முகவீக்கமும் சர்க்கரையும் வருத்துமாயின் நிறுத்துவது பற்றிக் கேளாதீர்கள், “ஸ்டீராய்டைக் குறைக்க உதவும் வேறு மருந்து சேர்க்கலாமா?” என்று மருத்துவரைக் கேளுங்கள். ஊரிலுள்ள அம்மையாருக்கும் இவ்விதமே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள்.

கடித ஓரத்துப் பொடி எழுத்துக்கு வருவோம். இது நம் மேசைக்குட்பட்ட விஷயம் ஆதலால் துணிந்து சொல்வோம். மறைக்க வேண்டா. பின்னால் ஆயிரம் உயிர்களை இழுத்துச் செல்பவர் மறைக்கலாகாது என்பது ஒருபுறமிருக்க, மறைப்பதற்குத் தேவையே இல்லை. ஏ-1 வகுப்பிலிருந்து மருத்துவக் காரணத்தால் இறக்கப்பட்டாலும் வேலை போவதில்லை. இரயில்வே எஸ்டாப்ளிஷ்மெண்ட் விதிநூலின் முதற்றொகுதி 13ஆம் அதிகாரம், அத்தகையோர்க்கு மாற்று வேலை தரவேண்டிய முறையைக் கூறுகிறது. மாற்றுத் திறனாளர் உரிமைச் சட்டம் (2016) 20ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவோ, பணியில் இருக்கும்போது ஊனமுற்றவரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவியில் தாழ்த்தவோ கூடாது என்கிறது. பழைய வேலைக்கு ஏலாதவராயின் அதே சம்பள விகிதத்தில் வேறு வேலை. வேறு வேலை கிட்டும்வரை உபரிப் பதவி. ஓடும் பணியாளர்க்கு மாற்று வேலையில் சம்பளம் நிர்ணயிக்கையில் ரன்னிங் அலவன்ஸுக்கு ஈடாக ஒரு பங்கு சேர்த்துக் கணக்கிடுவதுமுண்டு. மறைத்துக் கண்ணை இழப்பவரோ, கண்ணையும் இழந்து, மறைத்த குற்றத்துக்கும் விடை சொல்ல நேரும்.

மாற்றலாகிச் செல்வோர்க்கும் கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோர்க்கும் சில சொற்கள். இந்நோயில் புது மருத்துவர் பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே நோய் வளர்ந்ததா தேய்ந்ததா என்று அறிய முடியும். ஆகவே விழித்திரைப் படங்கள், இரத்தச் சோதனைத் தாள்கள், எந்தத் தேதியில் எந்த மாத்திரை எவ்வளவாகக் குறைக்கப்பட்டது என்ற விவரம், இவற்றை ஒரு கோப்பில் இட்டுக் கையோடு கொண்டு செல்க. கைபேசியிலும் படமெடுத்து வைக்க. ஊரில் இரண்டு திங்கள் தங்குவதானால் அதற்குரிய மாத்திரையைப் புறப்படுமுன்னரே வாங்கிவிடுக. பெயர் தெரியாப் பொடியும் லேகியமும் வேண்டா. அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சோதனைச்சாலைகள் கண்டதுண்டு.

அடாலிமுமாப் ஊசி போட்டுக்கொள்வோர்க்கு மட்டும் ஒரு குறிப்பு. அது 2 முதல் 8 டிகிரிக்குள் குளிர்ந்திருக்க வேண்டும், உறைந்துவிட்டாலோ பயன்படாது. பனிக்கட்டிமேல் நேரே வையாமல், துணி சுற்றிய குளிர்பொதியோடு மூடிய பெட்டியில் வைத்து, சீட்டுக்கு அடியில் நிழலில் தம் பார்வையிலேயே வைத்துக்கொள்க. பான்ட்ரி காரின் குளிர்பெட்டியில் கொடுத்து வைக்கலாமே என்று அன்பர் ஒருவர் கேட்டார். தயிருக்கும் தண்ணீர்ப் புட்டிக்கும் நடுவில் அது எந்த ஸ்டேஷனில் இறங்கிப் போகுமோ, நாம் பொறுப்பேற்பதற்கில்லை.